சரளா அக்காவின் மூன்று இழைகள்

சரளா அக்கா இன்று விடியற்காலை இறந்துவிட்டார்.

நுரையீரலில் சளி கட்டி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன். எத்தனை தடவை மாவுக்கட்டோடு சிரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார்...

தெரியாதவர்களுக்காக: காஞ்சிபுரத்தில் நான் முதலில் வேலை பார்த்த கல்லூரி புராஜெக்ட்டில் அவர்தான் கோஆர்டினேட்டர். பிறவியிலேயே எலும்பு சுலபமாக உடைகிற நோய். வீல்சேரில்தான் வருவார்.

பட்டு நூலின் மேல் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுப்பார்கள். அதற்குப் பதிலாக என்சைம் போட்டால் விறகும் தண்ணீரும் மிச்சமாகுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

கல்லூரி, சாயப்பட்டறை, அரசுத்துறை. மூன்றும் பின்னிக்கொண்டால்தான் புதிய தொழில்நுட்பம் வளரும் என்று ஒரு கொள்கை, பெயர் ட்ரிபிள் ஹீலிக்ஸ். எங்கள் புரொபசரின் முதல் ஸ்லைடே மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் படம்தான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். எலும்பில் இருக்கிற கொலாஜன் புரதமும் மூன்று இழை முறுக்குதான். இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே அதுதான் சின்னது. முறுக்கின் உள்பக்கத்து இடுக்கில் வேறு எதுவும் சரியாக உட்காராது.

"என் கேஸ்ல ஒரே ஒரு எடத்துல பெரிய ஆளு வந்து உக்காந்துட்டாம்மா. பெரிய ஆளுங்களை எழுந்திரின்னு சொல்ல முடியுமா, இன்னா?"

புராஜெக்ட்டின் ரெவ்யூ கூட்டம் நடந்த நாள்தான் இன்று காலையிலிருந்து கண்முன்னாலேயே நிற்கிறது.

சின்ன பேட்ச் அருமையாக வந்திருந்தது. பெரிய பேட்ச்சில் நூல் வலு இழந்து, சுற்றும்போதே அறுந்தது. டெம்பரேச்சரைச் சரிசெய்தால் போதும், இப்போது அதைச் சொல்ல வேண்டாம் என்றார் புரொபசர். வந்திருந்த அரசு அதிகாரிக்கு மார்ச்சுக்குள் ஃபைலை முடிக்க வேண்டும்.

பட்டறைக்காரருக்கு மட்டும் விஷயமே தெரியாது. கல்யாண சீசனுக்கான நூல் முழுவதையும் அடுத்த வாரம் எங்கள் முறையில் போடுவதாக இருந்தார். அது வீணானால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

கூட்டம் மாடி ஹாலில். லிஃப்ட் கிடையாது. சரளா கீழேயே இருக்கட்டும், இந்தப் பெண் ஸ்லைடைப் படித்தால் போதும் என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற ரூமில் வாய் திறந்து பழக்கமே இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தன்னை மேலே தூக்கச் சொன்னார்.

பியூன்கள் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். புரொபசர், அதிகாரி, பட்டறைக்காரர்... மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வீல்சேரைப் பிடித்தார்கள்.

"ஒரே மாதிரி தூக்குங்க சார். ஒருத்தர் இழுத்தாலும் உடையறது நான்தான்."

படிக்கட்டு திரும்புகிற இடத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டிய உள்பக்கம் ரொம்பக் குறுகல். பட்டறைக்காரர் அங்கே நுழையப் பார்த்தார், முடியவில்லை.

"நீ வாமா உள்ள," என்றார் அக்கா என்னிடம்.

சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டேன். அடுத்த படியில் அதிகாரியின் ஷூ வழுக்கியது. சேர் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது.

என் காதருகே ஒரு சின்னச் சத்தம். வடகம் ஒடிவதுபோல.

அக்கா என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே.

ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இழைப் படம் திரையில் வந்தது. புரொபசர் தொடங்குவதற்குள் அக்கா கையைத் தூக்கினார்.

"பெரிய பேட்ச் ஃபெயில் சார். நூல் அறுந்துபோச்சு." அதற்கு மேல் மூச்சு வரவில்லை. விலாவில் கை. "மிச்சத்த... இவ சொல்லுவா."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அடுத்த மாதம் என் வேலையை நீட்டிக்க அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எந்தச் சூட்டில் போட்டோம், எவ்வளவு நேரம் ஊறியது, எப்படி அறுந்தது... நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

பட்டறைக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்போ என் நூலைப் போட வேணான்றியா?"

"வேணாண்ணா."

அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ். விலா எலும்பு.

புராஜெக்ட் அதோடு நின்றது. என் வேலையும்தான். பட்டறைக்காரர் பழையபடி சோப்பும் சோடாவும் போட்டே அந்த சீசனை ஓட்டினார்.

அன்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் கோபமாகக் கேட்டேன், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று.

"சொல்லியிருந்தா அல்லாரும் என் பின்னாடியே ஓடி வந்துகினு இருந்திருப்பீங்க. அங்க யாரு பேசறது?"

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டே, "நீ பேசுனது கேட்டுச்சு. ஏசி சத்தத்தைவிடக் கொஞ்சம் கம்மி."

செவிலிமேட்டில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதை டைப் செய்கிறேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கொஞ்சம் முன்னால் புரொபசர் போன் செய்தார். கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைக்கிறார்களாம், நானும் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். மாடி ஹாலில்.

"கீழ லேப்லயே வைங்க சார்."

"இனிமே எதுக்குமா?" என்றார்.

நான் போனை வைக்கவில்லை. அவர் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி," என்றார். "கீழயே வெச்சுக்கலாம்."

மெதுவாப் போங்க அக்கா...