வாயைப் பார்த்தவர்

பஞ்சாலை மூடியபின், வேலையிழந்தவர்களைச் சுற்றுலாப் பணிக்குத் தேர்ந்தெடுத்த முகாமில் நான் எழுத்தர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கு எனக்கு உண்டு.

நோணாங்குப்பம் சுற்றுலாப் படகில் வேலை கேட்டு வந்தார் நரைத்த மீசைக்காரர் ஒருவர். பேசுபவர் வாயையே பார்த்தார். படிவத்தில் குனிந்தபடி நான் எதைக் கேட்டாலும், "என்னம்மா?" என்றார்.

பக்கத்து மேசைத் தோழியிடம், "செவிடு. டூரிஸ்ட் கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?" என்று முணுமுணுத்துவிட்டு, படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதினேன்.

"செவிடுதாம்மா," என்றார் அவர். "தறி சத்தத்துல நாங்க வாயைப் பாத்தேதான் பேசிக்குவோம். போட்டுலயும் மோட்டார் சத்தம்தானே?"

அடித்துத் திருத்தினால் என் தவறு மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். படிவத்தை அப்படியே அடுக்கில் வைத்தேன்.

நான் ஏதாவது சொல்வேன் என்று, என் வாயைப் பார்த்தபடியே அவர் நின்றிருந்தார்.