எண்ணெய்த் துணி

புத்தலப்பட்டுச் சாலையில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பகலெல்லாம் வேப்பமரத்தடியில்தான் படுக்க வைப்பார்கள். அதற்கென்றே தேக்கில் செய்த நீளமான சாய்வு நாற்காலிகள் உண்டு. வெயிலும் மழையும் பனியும் அவற்றின் மேல்தான். அவற்றைப் பராமரிக்கும் வேலை லோயிஸுடையது. கணவன் தியோடரை அங்கே சேர்த்தபோது, பக்கத்திலேயே இருக்கலாம் என்று அவள் கேட்டு வாங்கிய வேலை.

கோடை வந்ததும் சாம்பல் பூத்த மரத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ரேகை ஓடும் வாக்கிலேயே உப்புத்தாள் போடுவாள். பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, மரம் குடிக்கிற மட்டும் தேய்ப்பாள். மண்ணில் நிற்கும் கால்களுக்கு இன்னொரு தரம், ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

தியோடர் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். "எனுக்கும் இப்டி எண்ணெ தேச்சா நல்லாயிடுவேனா?" என்று சிரிப்பான். சிரிப்பு இருமலில் முடியும்.

எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது, உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று வேலை பழக்கிய பழைய மேட்ரன் சொல்லியிருந்தார். லோயிஸ் ஒவ்வொரு துணியையும் கொடியில் விரித்துப் போட்ட பிறகுதான் கை கழுவுவாள்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டாவது கோடை. எண்ணெய் பூசிய நாற்காலிகளைக் கொட்டகையில் காயவைத்திருந்தாள். வார்டில் வேலை செய்யும் கமலம்மா ஓடிவந்தாள்.

"லோயிசு, ஓடியா! உன் வூட்டுக்காரரு ரத்தமா கக்கறாரு!"

கையிலிருந்த துணியை, அன்று தேய்த்துவிட்டு மூலையில் போட்டிருந்த மற்ற எண்ணெய்த் துணிகள் மேல் வீசிவிட்டு ஓடினாள். வெகுநேரம் அவன் தலையை மடியில் தாங்கியிருந்தாள். ரத்தம் நின்றது. அப்போது வெளியே கூச்சல் கேட்டது. கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த நாற்காலிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மேனேஜர் உமாபதி விசாரித்தார். எல்லைச் சண்டை மூண்டிருந்த காலம். லோயிஸின் அண்ணன் அசரியா, ஆஸ்பத்திரி இருந்த ஊரைப் போலவே ஆந்திரத்தில் சேர்ந்துவிட்ட திருத்தணி தமிழர்களுக்கே வேண்டும் என்று மறியல் செய்து ஜெயிலில் இருந்தான். அது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

"உங்க அண்ணன் அங்க ரயில மறிச்சான். நீ இங்க கொட்டாய கொளுத்திட்டியா?"

"இல்ல சார். துணிங்க தானா எரிஞ்சிது. நான் விரிச்சிப் போடாம ஓடிட்டேன். அதான் என் தப்பு."

"துணி தானா எரியுமா? எரிய வெச்சிக் காட்டு, பாக்கறேன்."

மறுநாள் முற்றத்தில் எண்ணெய்த் துணிகளைக் குவித்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். வானம் மூடியிருந்தது, ஈரக்காற்று வீசியது. புகைகூட வரவில்லை. லோயிஸ் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"சூடாயிக்கினு வருது சார். கொஞ்சம் பொறுங்க, தொட்டுப் பாருங்க."

உமாபதி தொடவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். லோயிஸ் மட்டும் குந்தியிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் மழை கொட்டி, குவியல் தொப்பலாக நனைந்தது.

வேலை போயிற்று. வேலையோடு தியோடருக்குக் கிடைத்த இலவசப் படுக்கையும் போயிற்று. திருத்தணியில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில், காற்று நுழையாத அறையில் தியோடரைக் கிடத்தினாள். நாளுக்கு நாள் அவன் குரல் மெலிந்தது. ஒரு மத்தியானம் அவளைக் கூப்பிட்டான்.

"என்கிட்ட மட்டும் சொல்லு. ஏதோ கோவத்துல நீயே வெச்சிட்டியா?"

"இல்லிங்க. நான் வெக்கல."

"சரி, வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஆடி பிறக்குமுன் இறந்துபோனான். அவன் நம்பினானா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பிறகு லோயிஸ் ஒரு ரைஸ் மில்லில் சேர்ந்தாள். ஐந்து வருஷம் கழித்து, திருத்தணி மதராஸோடு சேர்ந்த அன்று தெருவெல்லாம் வெடி வெடித்தது. அசரியா மில்லுக்கே வந்து, "நம்ம ஊரு நம்மளுக்கே வந்துடுச்சி, துன்னு" என்று மிட்டாயை நீட்டினான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, களத்தில் காய்ந்த நெல்லைக் குவியாமல் விரித்துக் கிளறப் போனாள்.