மூன்றாம் பாத்திக்கு மூன்று வருஷம்

மர்கரீத் அக்கா போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். பால் பாக்கெட் போடுகிறவர் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து சொன்னார். ரெட்டியார்பாளையத்தில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. அவருடைய நல்லதை ஊர்க்காரர்கள் நீங்கள் சொல்வீர்கள். நான் அவருக்குச் செய்த கெடுதலைச் சொல்கிறேன்.

அவர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அவருடைய மனையில் இரண்டு பேரும் சேர்ந்து நாலு பாத்தி போட்டோம். ஒன்றில் அவரைக்காய், ஒன்றில் கீரை, ஒன்றில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும், ஒன்றில் முள்ளங்கி. விதைக்கிற பட்டம் மாறும்போதெல்லாம் எல்லாம் ஒரு பாத்தி தள்ளிப் போகும். எதற்குப் பின் எது என்று ஆஸ்பத்திரி சார்ட் மாதிரி அட்டையில் எழுதி மாட்டியிருப்பார்.

"ஓடுற சரக்கை எதுக்குக்கா மாத்தணும்?" என்று கேட்டேன்.

"நோயாளி எழுந்த கட்டில்ல விரிப்பு மாத்தாம படுப்பியா? மண்ணு உன் கடை ரேக் இல்லடா தம்பி."

இரண்டு வருஷத்துக்கு முன் மகளைப் பார்க்க பிரான்ஸ் போனார். மூன்றாம் பாத்திக்குக் கீரை முறை. முந்தின பட்டத்தில் அங்கேதான் கத்தரி கொழுகொழுவென்று காய்த்திருந்தது. அட்டையைப் பார்த்தேன், என் வியாபார புத்தி ஜெயித்தது. அவர் தன் அம்மா காலத்திலிருந்து எடுத்துவைத்த வரிக்கத்தரி விதையைத் திரும்பவும் அங்கேயே போட்டேன். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று ஓஸ் பைப் பிடித்தேன். வழிந்த தண்ணீர், அட்டைப்படி பக்கத்துப் பாத்திக்குப் போயிருந்த மிளகாயையும் சாய்த்தது.

திரும்பி வந்தவர் ஒரு தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தார். வெள்ளையாக நூல் நூலாக இறங்கியது. "பார்த்தியா, சீழு" என்றார். "மண்ணுலயே நோய் இருக்கு. மூணு வருஷம் இங்க கத்தரி வகையே கூடாது." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாளிலிருந்து "தம்பி" போய்விட்டது. "என்ன சார், கீரை பறிச்சாச்சா?" இரண்டு வருஷமும் சார்தான். மன்னிப்புக் கேட்க நானும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் மகள் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினாள். மிச்சமிருந்த வரிக்கத்தரி விதை. "மாமா, இதை உங்ககிட்ட மட்டும் தரக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா இங்க வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

எத்தனையோ பேரம் பேசியவன் நான். டப்பாவைப் பேரமில்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த அட்டையும் அந்த டப்பாவும்தான். மகளோடு பேசிக்கொண்டது இது: மூன்றாம் பாத்தியில் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கத்தரி வகை கிடையாது. அதன்பின் அந்த விதை. முதல் காய்ப்பு முழுவதும் செடியிலேயே பழுத்து விதைக்கு. சமையலுக்கு ஒரு காய்கூட நான் பறிக்கக்கூடாது.