சித்ரகலா வலிக்குப் போட்ட மார்க்

சித்ரகலாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வந்துரும். பொறுத்துக்கிட்டுக் கேளுங்க. நான் பாண்டியம்மாள், விருதுநகர்ப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்குன்னு திருப்பூர் வந்தவ. அவ துணி ஓரம் சேத்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர், நான் செக்கிங். அவ தைச்சு அனுப்புற பீஸ்ல குத்தம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இத்தனை வருசத்துல அவகிட்ட நான் கண்டுபிடிச்ச ஒரே குத்தம் அவ வாய்தான்.

அவ பிறந்தது கணியூர், வாக்கப்பட்டது பல்லடம். புருஷன் கோழிப்பண்ணையில வேலை. ஒரே மக யாழினி, பிளஸ் டூ படிக்கிறா. சித்ரா ஹெல்பரா வந்து, சாப்பாட்டு நேரத்துல அடுத்தவங்க மெஷின்ல பழகி டெய்லர் ஆனவ. ஒவ்வொருத்தர்கிட்டயும் "உக்காந்துக்கலாமுங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாளாம். மெஷின்கிட்டயும் கேட்டிருப்பா. ஒருநாள் துணி ட்ராலி அவ கால்மேல ஏறிருச்சு. தள்ளிட்டு வந்த பீகார்க்காரரு பதறிப்போயி நிக்கிறாரு. இவ அவருகிட்ட, "பரவால்லீங்க, நாந்தான் காலை நீட்டிட்டனுங்க"ங்கிறா. அந்த ஆளுக்குத் தமிழே தெரியாது. எங்க ஊரா இருந்தா ட்ராலியே மிஞ்சியிருக்காது.

கொஞ்ச வருசமா அவளுக்கு வலது கை விரலெல்லாம் மரத்துப் போகுது. மணிக்கட்டுல நரம்பு நசுங்குற நோவு. நாள் முழுக்கத் துணியைப் பிடிச்சுத் தள்ளுறவங்களுக்கு வர்றதுதான். நூல் வெட்டி வெட்டி எனக்கும் உண்டு, ஆனா அவ்வளவு இல்லை. அவளுக்குக் கட்டைவிரல் பக்கத்துச் சதையே வத்திப்போச்சு. சாப்பாட்டு டப்பா மூடியை நான்தான் தொறந்து குடுக்கணும். வீட்டுல மக தலை சீவி விடுறா. "உன்ற கையில சீவுனாத்தான் நல்லா இருக்குது கண்ணு"ன்னு மககிட்டச் சொல்லி வச்சிருக்கா. கை போச்சுன்னா டெய்லர் சீட்டு போச்சு, மறுபடி ஹெல்பர்தான். மகளைக் காலேஜ் சேக்குறதும் அதோட சரி.

அப்பத்தான் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மருத்துவக் காலேஜ்காரங்க வந்தாங்க. அக்குபங்சர்னு சீனாக்காரங்க காலங்காலமா பண்ற ஊசி வைத்தியம். அது இந்த மணிக்கட்டு நோவுக்கு நெசமாவே கேக்குதா, இல்லை கேக்குதுன்னு நாமளா நெனச்சுக்கிறமான்னு பாக்குற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு ஊசி உள்ள போகும். மீதிப் பேருக்குக் குத்துற மாதிரி இருக்கும், உள்ள போகாது. யாருக்கு எதுன்னு நமக்கும் தெரியாது, கேள்வி கேக்குற டாக்டருக்கும் தெரியாது. கடைசியில நோவு கொறையாதவங்களுக்குக் காலேஜ் செலவுலயே ஆபரேஷன். எல்லாத்தையும் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்தோம்.

கம்பெனி கேண்டீன்ல திரை கட்டி ஒரு அம்மா ஊசி போடுவாங்க. கேள்வி கேக்குறது அருள்குமார்னு சின்ன வயசு டாக்டர், தாராபுரத்துக்காரரு. கேள்வி ஒண்ணுதான், வலிக்கு எத்தனை மார்க்? வலியே இல்லைன்னா சைபர், தாங்க முடியலைன்னா பத்து. நான் எட்டுன்னேன். அடுத்த வாரமும் எட்டு.

"கொஞ்சங்கூடக் கொறையலீங்களா?"ன்னாரு.

"கொறைஞ்சா சொல்ல மாட்டேனா டாக்டர்?"னேன்.

சித்ரா முதல் வாரம் "பரவால்லீங்க"ன்னா. அப்படி ஒரு மார்க் இல்லீங்கன்னாரு. ரொம்ப யோசிச்சு ஆறுன்னா. அடுத்த வாரம் அஞ்சு. அதுக்கடுத்து நாலு. அன்னைக்கு மத்தியானம் அவ டப்பாவை நான்தான் தொறந்து குடுத்தேன்.

"ஏன்டி நாலுன்னே?"ன்னு கேட்டேன்.

"அந்தத் தம்பி வாராவாரம் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருதுங்க அக்கா. ஒண்ணாவது கொறைச்சுச் சொல்லோணுமில்லீங்க?"

வந்த விருந்தாளிக்கு வெத்தலை பாக்கு குடுக்குற மாதிரி வாரம் ஒரு மார்க்கைக் குடுத்து அனுப்பியிருக்கா.

இவ ஒருத்தின்னா தொலையட்டும்னு விட்டுரலாம். கொங்குப் பொம்பளைங்க அத்தனை பேரும் இதே கூத்து. தெக்கத்திக்காரிகளும் ஒடிசாக்காரிகளும் எட்டு, ஏழுன்னு நின்ன இடத்துலயே நிக்கிறோம். டாக்டருக்கு மண்டை காஞ்சு போச்சு. ஒருநாள் எங்கிட்ட வந்து, சமையலுக்கு என்ன எண்ணெய்ங்க ஊத்துறீங்கன்னு கேட்டாரு. நல்லெண்ணெய்னேன், எழுதிக்கிட்டாரு. கொங்குக்காரங்க மாதிரி தேங்காயெண்ணெய் ஊத்துறவங்களுக்கு நரம்பு சீக்கிரம் ஆறுதோன்னு அவருக்கு ஒரு சந்தேகம்.

கடைசி வாரம் சித்ரா சைபர்னு சொல்லிட்டு வந்துட்டா. "ஆபரேஷனே தேவையில்லீங்க"ன்னு டாக்டர் சந்தோசமாச் சொன்னாராம். இவளும் "ரொம்ப சந்தோசமுங்க"ன்னாளாம். வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து வலது கையை உதறு உதறுன்னு உதறுறா.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆபரேஷன் போச்சுடி."

"உங்க வைத்தியம் கேக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க அக்கா சொல்றது? சங்கடப்படுமில்லீங்க, தம்பி."

எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. அவ இடது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி டாக்டர் முன்னால நிறுத்தி, நடந்தது எல்லாத்தையும் கொட்டிட்டேன். இவ மட்டுமில்லை, எங்க தையல் லைன்ல பாதிப் பேரு இப்படித்தான்னும் சொல்லிட்டேன். அவரு முகம் செத்துப்போச்சு. அதைப் பாத்ததும் இவளுக்குப் பொறுக்கல.

"அக்கா சும்மா சொல்றாங்க. எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது."

டாக்டர் அவ வலது கையை வாங்கித் திருப்பிப் பாத்தாரு. வத்திப்போன எடத்தை அமுக்கிப் பாத்தாரு. அவரு அப்படியே விட்டிருக்கலாம். அவரு கையில இருந்தது நல்ல ரிசல்ட்டு, காலேஜ்ல கை தட்டியிருப்பாங்க. ஆனா விடல.

"உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"ன்னாரு.

"இருக்குதுங்க. யாழினி."

"அந்தப் புள்ளைக்கு இந்தக் கை இருந்து, இதே நோவும் இருந்தா, எங்கிட்ட எத்தனைன்னு சொல்லுவீங்க?"

சித்ரா வலது கையை அவருகிட்ட இருந்து இழுத்துக்கிட்டா.

"பத்துங்க"ன்னா. "படுத்தாத் தூக்கமே வராதுங்க. சோறு பெசைய முடியாதுங்க. என்ற புள்ளைக்கு இப்படின்னா நான் கம்முனு இருப்பனுங்களா? உங்க சட்டையப் புடிச்சுக் கேட்டிருப்பனுங்க."

சட்டையைப் பிடிக்கிறதைக் கூட 'ங்க' போட்டுத்தான் சொன்னா. கண்ணுல தண்ணி நிக்காம ஊத்துது.

"அப்போ உங்களுக்கு எத்தனைங்க?"

அவ தன் கையைப் பாத்துக்கிட்டே நின்னா.

"அதே கைதானுங்களே."

டாக்டர் அவளை ஆபரேஷனுக்கு எழுதினாரு. அப்புறம் வெளிய பெஞ்சுல இருந்த பொம்பளைங்களை ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு, உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களான்னு முதல்ல இருந்து கேக்க ஆரம்பிச்சாரு.