நடுவில் இருபது அடி

திருவொற்றியூரில் கடலோரமாக இருந்த ஒரு குழாய்க் கிடங்கில் நான் கலாசியாக வேலை பார்த்தேன். கனமான சாமான்களைக் கயிறும் கப்பியும் போட்டுத் தூக்குவது, கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, இதெல்லாம் கலாசி வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போட்ட முடிச்சை மூன்று தடவை பார்ப்பேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதனால் கிடங்கில் 'ஆபத்து' என்று நான் சொன்னால் யாரும் தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த சமயம். கிடங்குக்குக் கையால் சுற்றுகிற கிரேன் ஒன்று வாங்கினார்கள். முதலில் இரும்புத் தூண் மட்டும் வந்தது. முற்றத்தில் அதை நட்டோம். தூணைச் சுற்றி வரவேண்டிய கை ராயபுரத்துப் பட்டறை ஒன்றில் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் நீளம் இருபது அடி.

அதே மாதத்தில் கிடங்குக்கு மின்சாரமும் வருவதாயிற்று. கிரேன் தூணுக்கு நேர் வடக்கே இருபத்துநாலு அடியில் ஒரு கம்பம், நேர் கிழக்கே முப்பத்திரண்டு அடியில் ஒரு கம்பம் நட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோணலாகச் செப்புக் கம்பி இழுத்தோம். உறை இல்லாத வெறுங்கம்பி. திங்கட்கிழமை மின்சாரக்காரர் வந்து இணைப்புக் கொடுப்பதாக ஏற்பாடு.

கம்பியைக் கட்டிவிட்டு ஏணியில் இருந்து இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன். கம்பி ஓடுகிற உயரமும் கிரேன் கை சுற்றப்போகிற உயரமும் ஒன்று. அந்தக் கிரேனை ஓட்டப்போகிறவன் என் தோஸ்து, வண்ணாரப்பேட்டை பாய் ஒருவன். இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றவேண்டியவன். கை போய்க் கம்பியில் இடித்தால்?

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"இன்னாப்பா உன்னோட பேஜாரு!" என்றார். "கை இருபது அடி. ஒரு கம்பம் இருபத்திநாலுல கீது, இன்னொண்ணு முப்பத்திரண்டுல கீது. ரெண்டும் வெளிய கீது. அப்பால இன்னா?"

இரண்டு கம்பமும் வெளியேதான் இருந்தன. ஆனால் நடுவிலே ஓடுகிற கம்பி? சனிக்கிழமை மதியம் இரண்டு கம்பத்தின் அடிப்பாகத்துக்கும் இடையே தரையோடு ஒரு நூலைக் கட்டினேன். அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு கிரேன் தூணிலிருந்து கயிறு பிடித்தேன். கலாசிகள் எதையும் நடுவில்தான் பார்ப்போம். உத்தரமோ கயிறோ கம்பியோ, தொய்வு நடுவில்தான் விழும். நடு சரி என்றால் எல்லாம் சரி. அந்தப் பழக்கத்திலேயே அளந்தேன்.

சரியாக இருபது அடி. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த முறை மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "சர்தான். தொடுது. கை நுனில மூணு அங்குலம் கம்மி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பறேன். இப்போ தூங்குவியா?"

"எங்க தூங்கப்போறான்?" என்று பாய் சிரித்தான். "மாமு, எனக்காக நீ பயப்படற. எங்க வூட்லகூட அவ்ளோ பயப்பட மாட்டாங்க."

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நடுவில் நான் பிடித்த கயிறு நூலின்மேல் ஒருமாதிரி சாய்ந்து விழுந்திருந்தது. அதில் என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

என் மனைவியின் தங்கை அப்போது எங்கள் வீட்டில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள். கணக்குதான் அவளுக்குப் பாடம். சாயங்காலம் நான் தரையில் தண்ணீரால் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மாமா, நீயும் பரீட்சை எழுதப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் நோட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். "கிரேன் தூணு இங்க, பூஜ்யத்துல. கிழக்கால எத்தினி அடியோ அது எக்ஸ். வடக்கால எத்தினி அடியோ அது ஒய். உன்னோட கை எங்க சுத்தி நின்னாலும், எக்ஸை எக்ஸாலயே பெருக்கு, ஒய்யை ஒய்யாலயே பெருக்கு. ரெண்டையும் கூட்டினா நானூறு."

"எங்க நின்னாலுமா?"

"எங்க நின்னாலும்."

நான் நம்பவில்லை. நேர் கிழக்கே கை நின்றால் எக்ஸ் இருபது, ஒய் பூஜ்யம். நானூறு வந்தது. கிழக்கே பன்னிரண்டு, வடக்கே பதினாறு என்று ஒரு இடத்தைச் சொன்னாள். நூற்று நாற்பத்துநாலும் இருநூற்று ஐம்பத்தாறும் நானூறு. பட்டறையில் இன்னும் ஆணிகூட அடித்து முடிக்காத ஒரு இரும்புக் கை, இந்த ஒரு வரிக்குள் முழுசாகச் சுற்றி வருகிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கம்பிக்கும் ஒரு வரி இருந்தது. மூன்று எக்ஸும் நாலு ஒய்யும் சேர்ந்தால் தொண்ணூற்றாறு. வடக்குக் கம்பத்தை வைத்துப் பார்த்தேன், நாலு இருபத்துநாலு தொண்ணூற்றாறு. கிழக்குக் கம்பம், மூன்று முப்பத்திரண்டு தொண்ணூற்றாறு. சின்னப் பிள்ளைபோல மறுபடி மறுபடி பெருக்கிப் பார்த்தேன்.

"நடுவுல அளந்தேன், சரியா இருபது" என்றேன். "அப்போ தொடுது, அவ்ளோதானே?"

"இரு. நெஜமா தொட்டுக்கினு மட்டும் போனா ரெண்டு வரிக்கும் பொதுவா ஒரே ஒரு விடைதான் வரணும்." கடகடவென்று ஒரு பக்கம் எழுதினாள். வர்க்கமூலம் என்றாள், அது எனக்குப் புரியவில்லை. எழுதி முடித்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா?"

"ரெண்டு வருது மாமா. ஒண்ணு பதினாறு, பன்னெண்டு. அது நீ அளந்த நடு. இன்னொண்ணு அதுக்கு வடக்கால. கம்பி ஒரு எடத்துல கை சுத்தற வட்டத்துக்குள்ள பூந்து இன்னோர் எடத்துல வெளிய வருது."

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அவரே ராவெல்லாம் பொரண்டுக்கினு கீறாரு. நீ வேற ஏத்தி வுடுடி."

உடனே மேஸ்திரி வீட்டுக்கு ஓடலாமா என்று எழுந்தேன். ஆனாலும் இந்தப் பக்கத்தை மேஸ்திரியிடம் காட்டி என்ன சொல்வது? எனக்கே புரியாததை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? "எனக்குப் புரியற மாதிரி எதுனா சொல்லு" என்று கெஞ்சினேன்.

அவள் ஒரு வட்டம் போட்டு அதை ஒட்டி ஒரு கோடு இழுத்தாள். "தொடுகோடுன்னா ஒரு அடையாளம் கீது. தொடற எடத்துக்கு மையத்துல இருந்து ஒரு கயிறு புடிச்சா, அது கோட்டுமேல மூலைமட்டமா, தரைமேல செவுரு நிக்கற மாதிரி நிக்கணும். சாஞ்சி நின்னா அது தொடுகோடே இல்ல. எந்தப் பக்கம் மூலை குறுகுதோ அந்தப் பக்கம் உள்ள போவுது."

அப்போதுதான் தெரிந்தது, என் கண்ணுக்கு உறுத்தியது இதுதான். அவள் இன்னொரு கணக்கும் போட்டுக் கொடுத்தாள். கம்பி தூணுக்கு மிகவும் கிட்டே வருகிற இடம் வடக்குக் கம்பத்திலிருந்து பதினாலரை அடிக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே தூரம் பத்தொன்பது அடி இரண்டரை அங்குலம், அதற்கும் சற்றுக் குறைவு. மேஸ்திரி குறைக்கச் சொன்னது மூன்று அங்குலம். குறையவேண்டியது ஒன்பதரைக்கு மேல். அந்த வித்தியாசத்தில்தான் பாய் நின்றுகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்றென்று நினைவில்லை. திங்கட்கிழமை மின்சாரக்காரர் வருவதற்கு முன்னாலேயே கொத்தனாரிடம் சுவர் மூலை பார்க்கிற மூலைமட்டத்தை வாங்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

"மறுபடியுமா?" என்றார் மேஸ்திரி. "நடுவுல பாத்தாச்சு இல்ல?"

"நடு இருபதுதான் மேஸ்திரி. மூலைமட்டம் வெச்சி ஒரு தபா பாருங்க."

பாய் தூணிலிருந்து நடுப்புள்ளிக்குக் கயிற்றைப் பிடித்தான். நான் நூல்மேல் மட்டத்தை வைத்தேன். வடக்குப் பக்கம் கயிறு மட்டத்துக்குள்ளே சாய்ந்திருந்தது, நன்றாகவே.

"அதனால இன்னா? சாஞ்சா சாயட்டும்."

"சாஞ்சா வடக்கால இன்னும் கிட்ட வரும். அந்தக் கம்பத்துல இருந்து பதினாலரை அடிகிட்ட பாருங்க. கயிறு நூலைத் தாண்டி ஒம்போது அங்குலத்துக்கு மேல நீட்டும். நீட்டலைன்னா இனிமே நான் வாயத் தொறக்கல."

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கணத்தில் அவள் எங்காவது கூட்டலில் தவறியிருந்தால் என்ன செய்வதென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் இருபது அடிக் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நூலோரமாக வடக்கே நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் கயிற்றின் நுனி நூலைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் சொன்ன இடத்தில் நின்றான். மேஸ்திரி தானே குனிந்து அடிக்கோலை வைத்தார். ஒன்பதுக்கு மேலே, பத்துக்குக் கொஞ்சம் கீழே. அதையும் தாண்டி நடந்தபோது நீட்டம் மறுபடி குறைந்தது.

மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் மேலே கம்பியைப் பார்த்தார். பாய் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டான். சிரிக்கவில்லை.

"யார் சொன்னாங்க உனக்கு?" என்றார் மேஸ்திரி.

"மச்சினி. காலேஜ்ல படிக்குது."

"அந்தப் பொண்ணை இங்க வேலைக்கு வரச் சொல்லு. நீ வூட்ல குந்து" என்றவர், உடனே கடப்பாரை எடுத்துவர ஆளை அனுப்பினார். வடக்குக் கம்பத்தைப் பிடுங்கி முப்பதாவது அடியில் நட்டு, கம்பியையும் புதிதாக இழுத்தோம். மின்சாரக்காரர் வந்து எங்கள் குழியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு, பீடி பற்றவைத்துக் குழாய்மேல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் இணைப்புக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் புதுக் கம்பிக்கும் கணக்குப் போடச் சொன்னேன். போட்டவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் வந்துவிட்டதாம்.

"தப்பாப் போட்டியா?" என்றேன், பதறிப்போய்.

"இல்ல மாமா. விடையே இல்ல."

விடை இல்லாத கணக்கும் ஒரு கணக்கா என்று அவளைத் துளைத்தெடுத்தேன். கையும் கம்பியும் சந்திக்கிற இடம் எங்குமே இல்லை என்பதை அது அப்படித்தான் சொல்லும் என்றாள்.

மறு வாரம் கை வந்தது, மூன்று அங்குலம் குறைவாகவே. பாய் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினான். நான் கம்பிக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தேன். இரும்பு நுனி கம்பியை நோக்கி வந்தது, வந்தது, இரண்டடிக்குக் குறையாமல் வானம் தெரிய விட்டு விலகிப் போயிற்று. அந்த இரண்டடி வானத்தைத்தான் அவள் நோட்டில் கழித்தல் எண்ணாக எழுதியிருந்தாள். இன்னொரு தடவை சுற்றச் சொன்னேன்.