ஒண்ணா ரெண்டா சாரின் ஈறு

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருக்கு ‘ஒண்ணா ரெண்டா சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?” என்று லென்ஸை மாற்றி மாற்றி நாளெல்லாம் கேட்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருட்டான அறை, ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. உட்கார்ந்தவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்துதான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

மனைவி இறந்த பிறகு அவர் மனிதர்களை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசியது அந்த அறையில் மட்டும்தான். வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிடுவார். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் அவர் வாயைத் திறப்பதே இந்த ஒண்ணு, ரெண்டுக்காகத்தான்.

கொஞ்ச காலமாக அவர் எழுதிக் கொடுத்த கண்ணாடிகள் திரும்பி வந்தன. ஒருவருக்குத் தலை சுற்றியது, ஒருவருக்குப் படி தெரியவில்லை. முதலில் லென்ஸ் மேல் பழியைப் போட்டார். பிறகு தனக்கே தொழில் மறந்துவிட்டதோ என்று பயந்தார். வருகிறவர்களும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல் பறந்தார்கள். கேள்வி முடிவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு “தெளிவு, தெளிவு” என்று எழுந்துவிடுவார்கள். ஒருநாள் முதலாளி நெளிந்துகொண்டே வந்தார்.

“சீக்கிரமே கண் டெஸ்ட் பண்ற மெஷின் வருது சார். நீங்க பின்னாடி ரூம்ல லென்ஸ் தீட்டிக்கிட்டு நிம்மதியா இருங்க.”

அந்த நிம்மதி அவருக்கு வேண்டாம். பின்னறையில் துணைக்கு ஒரு மோட்டாரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் உண்டு.

அந்த வாரமே ரொட்டியைக் கடித்தபோது கடைவாய்ப் பல் ஆடியது. பல் டாக்டரம்மா ஈறோரமாகக் கம்பியால் தொட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா ரத்தம் வருது?”

“ரெண்டு மூணு வருஷமா. புண்ணாயிடப் போகுதுன்னு அந்தப் பக்கம் தேய்க்கிறதையே விட்டுட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க போங்க! ஈறு நல்லா இருந்தா ரத்தம் ஏன் வரப்போகுது? அழுக்கு காரை மாதிரி கெட்டியாகி ஈறுக்குள்ள இறங்கி, எலும்பையே கரைச்சிருக்கு. பெரிசா வலிக்காது, அதான் வம்பு. இந்த வாடையும் அதாலதான். யாருமே சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. மல்லாந்து படுத்தபடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண் தெளிந்து யாரும் எழுந்து போகவில்லை, அவரிடமிருந்து தப்பித்துத்தான் போயிருக்கிறார்கள். கூனிக் குறுகிப் போனார்.

எனக்கு இந்த மரியாதை மேல்தான் ஆத்திரம். சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் ஓடி வந்து சொல்கிறோம். வாய் நாறினால் மட்டும் இரண்டடி தள்ளி நின்று பல்லைக் காட்டுகிறோம்.

ஆடிய பல் போனது போனதுதான். மற்றவற்றில் காரையைச் சுரண்டி, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்தார்கள். மெத்தென்ற ப்ரஷ்ஷால் காலையும் இரவும் ஈறோரமாக அழுத்தாமல் தேய்த்தார். பல்லிடுக்கில் குட்டி ப்ரஷ் விட்டார். முதலில் துப்பியதெல்லாம் சிவப்பு. பயந்தாலும் விடவில்லை. மெல்ல மெல்ல ரத்தம் நின்றது.

“கரைஞ்ச எலும்பு தானா வளராது. இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க” என்றார் டாக்டரம்மா. “வாடை போச்சான்னு நமக்கே தெரியாது. வீட்டுல யாரையாவது கேட்டுப் பாருங்க.”

யாரைக் கேட்பது? உள்ளங்கையில் ஊதி முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்தது. மகளிடம் போனில் கேட்கிற விஷயமா இது? மெஷின் வரும் நாளும் நெருங்கிவிட்டது. வாடை போயிருந்தால்தான் முதலாளியிடம் தன் இடத்தைக் கேட்க முடியும்.

மறுநாள் கல்லாவில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது.”

“கண்ணுக்கு இல்லம்மா.” வழக்கம்போலக் குனிந்தார். “என் வாய் நாறுதா? மறைக்காம சொல்லு.”

அவளுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. “இப்ப இல்ல சார். நிஜமா.”

“முன்னாடி?”

“கடையில எல்லாருக்கும் தெரியும் சார்.”

“ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“வீட்டுல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“வீட்டுல யாரும் இல்லம்மா.”

அந்தக் கடையில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. “முதலாளிகிட்ட நான் பேசுறேன் சார்” என்றாள். “இனிமே வாடை வந்தா, உங்ககிட்டயும் நானே சொல்றேன்.”