எல்டனின் ஆறு பீன்ஸ் தொட்டிகள்

எங்கள் ஊர் நூலக வாசலில் சனிக்கிழமைதோறும் ஒரு மடக்கு மேசை போடுவோம். சீக்குப் பிடித்த செடியின் இலையைப் பையில் போட்டு யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தோட்டத் தொண்டர்கள் இருபத்திரண்டு பேரில் இருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வோம். ஊகித்து எதையும் சொல்லக்கூடாது என்பது விதி. நானெல்லாம் அந்த விதியை நாளைக்கு நான்கு முறை மீறுகிற ஆள். மார்லிஸ் ஹௌகன் பதினொரு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மீறினாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளிடம் இலையை நீட்டினால் முதலில் இலையைப் பார்க்கமாட்டாள். படிவத்தை எடுப்பாள். அதன் முதல் கேள்வியை, பச்சைக் குழந்தைக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்பாள்: "மொதல்ல எப்ப பாத்தீங்க?" பாதிப் பேர் அங்கேயே விழிப்பார்கள்.

அவள் கணவர் எல்டன் ஜனவரி பதினொன்றாம் தேதி, வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது, மண்வாரியைப் பிடித்தபடியே சரிந்தார். எங்கள் மினசோட்டாவில் அந்த மாதம் நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும், குழி தோண்ட முடியாது. ஏப்ரலில்தான் அடக்கம். இடைப்பட்ட மாதங்களில் தேவாலயத்துப் பெண்கள் அடுப்பில் சுட்ட நூடுல்ஸைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து அவள் உறைபெட்டியை நிரப்பினார்கள். நன்றி, பரவாயில்லை, ஆமாம் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவள் அந்தக் குளிர்காலம் முழுவதையும் ஓட்டினாள். அட, ஒரு தடவை அழுதுதான் தொலையேன் என்று எங்களுக்கே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட தாடைபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யமாட்டாள். வீட்டுக்குக் கீழே அறையாக இருந்த அடித்தளத்துக்கு இறங்கமாட்டாள். அது எல்டனின் இடம். வெயிலுக்குப் பதிலாக எரியும் நாற்று விளக்குகளும் தொட்டிகளும் அங்கேதான் இருந்தன. துவைக்கும் இயந்திரமும் அங்கேதான் இருந்தது என்பதால், அழுக்குத் துணிகளைக் காரில் போட்டுக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்துச் சலவைக் கடைக்குப் போய்வந்தாள்.

மார்ச்சில் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜோனெல் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மார்லிஸ், தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. அக்டோபர்ல எல்டன் கொண்டாந்த குதிரைச்சாணி எரு பொதுத்தோட்டத்துல தார்ப்பாய்க்குக் கீழயே கெடக்கு. அதுக்கு பீன்ஸ் சோதனை பண்ணிட்டாரா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. அப்ப பாத்திக்குப் போட்டுரலாம்ல?"

"ஆமா."

பீன்ஸ் சோதனையை இந்த வட்டாரத்துக்கே கற்றுக்கொடுத்தவள் மார்லிஸ். களைக்கொல்லி அடித்த புல்லைக் குதிரை தின்றால் மருந்து குதிரையை ஒன்றும் செய்யாது. சாணியில் அப்படியே இறங்கும். அந்த எருவில் தக்காளி நட்டால் தொலைந்தது. அதனால் மூன்று தொட்டியில் எரு கலந்த மண், மூன்று தொட்டியில் வெறும் மண், எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் எருத்தொட்டிச் செடியின் கொழுந்து சுருண்டால் அந்த எருவைத் தொடக்கூடாது. ஏப்ரல் வகுப்பில் இந்த வருடமும் முப்பது பேர் முன்னால் நின்று இதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். சொல்லும்போது தார்ப்பாய் அவள் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

மே மாதம், பொதுத்தோட்டத்தில் ஆளுக்கொன்றாகப் பிரித்த பாத்திகளில் நாற்பதுக்கு எரு போட்டோம். ஜூன் நடுவில் தக்காளிக் கொழுந்துகள் மூடிய கைபோலச் சுருண்டன. பார்த்ததும் எல்லோர் கண்ணும் சாலைக்கு எதிர்ப்பக்கம் போயிற்று. அங்கே குன்னார் ட்வைட் வீடு. எண்பது வயசு, வாயைத் திறந்தால் வம்பு. புல்வெளியில் ஒரு களை தலைகாட்டினால் மருந்துக்குழாயோடு ஓடுகிற மனிதர். காற்றில் மருந்து வந்திருக்கிறது என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

"ஏழாம் நம்பர் பாத்தி என்னோடது. அதுவும்தான் சுருண்டு கெடக்கு. என் தக்காளிக்கு நானே வெஷம் வெக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அவர் வேலியோரம் நின்று கத்தினார்.

"கிறுக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டா எங்களுக்கு வேல மிச்சம்" என்றாள் ஜோனெல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூலகத்தில் நடக்கவிருந்த கூட்டத்தில் அவர் பாத்தியைப் பறிப்பதென்று பேச்சு. மனைவி போனபின் அந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே வருவதே அந்தப் பாத்திக்காகத்தான். கூட்டத்தில் இன்னொன்றும் முடிவாவதாக இருந்தது: கருவிக் கொட்டகைக்கு எல்டன் பெயர் வைப்பது. பலகைகூட எழுதியாகிவிட்டது.

முந்தின நாள், திங்கள் காலை மார்லிஸ் பாத்தி பாத்தியாக நடந்தாள். மருந்து காற்றில் வந்திருந்தால் சாலையோரம் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருண்டிருந்தது. வடக்கு மூலையில் ஒரு பாத்தி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. அதன் சொந்தக்காரர் சாணி நாற்றம் பிடிக்காமல் எரு வேண்டாம் என்றவர்.

ஆக, எருதான். வாயைத் திறந்தால் எல்டன் ஊர்த் தோட்டத்தைக் கெடுத்தவர் ஆகிவிடுவார். மூடிக்கொண்டால் குன்னாரின் பாத்தி போய்விடும். இதை அவள் யாரோ கொண்டுவந்த இலையைப் பார்ப்பதுபோல, நெஞ்சில் எதுவும் அசையாமல் யோசித்தாள். பிறகு வீட்டுக்குப் போய் அடித்தளத்துக் கதவைத் திறந்தாள்.

கீழே வெளிச்சமாக இருந்தது.

எல்டன் நாற்று விளக்குகளைத் தானாக எரிந்து தானாக அணையும்படி வைத்திருந்தார். ஐந்து மாதமாக அவை அவள் காலுக்குக் கீழே தினமும் எரிந்து அணைந்திருக்கின்றன. விளக்கடியில், நீர் உறிஞ்சும் திரியிட்ட தட்டில் ஆறு தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கோணல் கையெழுத்து: ஜனவரி 9. தட்டு எப்போதோ வறண்டு, ஆறும் காய்ந்து கிடந்தன. வெறும் மண் தொட்டிகளில் முழ உயரத் தண்டும், விரல் நீளத்தில் ஓரிரு காயும் இருந்தன. எரு என்று எழுதிய மூன்றில் செடி விரலளவு தாண்டவில்லை. கொழுந்து முடிச்சுப் போட்டு முறுக்கியிருந்தது.

பாவி மனுஷன் சோதனையைத் தொடங்கிவிட்டுத்தான் போயிருக்கிறார். பீன்ஸ் பதிலும் சொல்லிவிட்டிருக்கிறது. படி இறங்கிப் பார்க்க ஆள்தான் இல்லை. பார்க்காமலே ஆமாம் என்றவள் அவள். தொட்டிகளைக் குப்பையில் கொட்டிவிட்டால் பூமியில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு படிகளையும் ஆறு முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு தொட்டியாகக் காரில் வைத்தாள்.

கூட்டத்தில் குன்னார் கடைசி வரிசையில், சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஜோனெல் தொண்டையைச் செருமுவதற்குள் மார்லிஸ் எழுந்து ஆறு தொட்டிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"இது எருவால வந்தது. குன்னாரு மருந்தால இல்ல. எல்டன் ஜனவரி ஒம்போதுலயே வெத போட்டிருக்காரு. ரெண்டு நாள்ல போயிட்டாரு. சோதனை ஆச்சான்னு மார்ச்சுல ஜோனெல் கேட்டா. நான் கீழ எறங்கிப் பாக்காமயே ஆமான்னுட்டேன்."

ஜோனெல் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அந்த நேரத்துல நான் உங்ககிட்ட போய் கேட்டதே தப்பு, மார்லிஸ்" என்று முனகினாள்.

"இல்ல. கேட்டது சரிதான். பதில்தான் தப்பு."

பின்வரிசையிலிருந்து குன்னார் எழுந்து வந்தார். தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு மேசையிலிருந்த படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவள் முன்னால் போட்டார்.

"எழுதும்மா. விதி விதிதான? எத்தன வருஷமா எங்கள ஒக்கார வெச்சுக் கேட்ட."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் இறங்கிவிட்டது. அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்லயும் அவ தையல் ரூமை நான் ரெண்டு வருஷம் தொறக்கல" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மார்லிஸ் பேனாவை எடுத்தாள். பாதிப்பை முதலில் எப்போது பார்த்தீர்கள்? ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. நேற்று என்று எழுதப் போனாள், அது பொய் மாதிரி இருந்தது. ஜனவரி என்று எழுதினால் அதுவும் பொய். அத்தனை நாளும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்ற நினைப்பு அப்போதுதான் அவள் நெஞ்சில் இறங்கியது. "பார்க்கவில்லை" என்று எழுதினாள்.

குன்னார் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.